பழைய சைக்கிளுக்கு வேறு ஹாண்டில்: வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தாவாரத்திலோ கோடிப்புறக் கொட்டிலிலோ ஒரு சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்த காலத்தில் குடாநாட்டின் போக்குவரத்தைப் பெருமளவு சுமந்தவை இந்தச் சைக்கிள்களே. 2022இல் எரிபொருளுக்காக வரிசைகள் நீண்டபோது அவற்றுட் பல தூசி தட்டப்பட்டு மீண்டும் வீதிக்கு வந்தன. அப்படி ஒன்றை எடுத்துத் திருத்துபவர் ரயர், ரியூப், செயின், சீற் ஆகியவற்றைப் பற்றிப் பெரும்பாலும் சரியாகவே முடிவு செய்துவிடுகிறார். ஹாண்டிலை மட்டும் கண்ணால் பார்த்து, வடிவம் பிடித்ததும் வாங்கிவிடுகிறார். ஆனால் சைக்கிளின் உறுப்புகளுள் தனித்து மாற்றுவதற்கு மிகக் கடினமானது ஹாண்டில்தான். ஓட்டுபவரின் உடல், ஹாண்டிலைத் தாங்கும் ஸ்டெம், பிறேக் ஆகிய மூன்றோடும் அது பிணைந்திருக்கிறது. அந்த மூன்றையும் பாராமல் வடிவத்தை மட்டும் தெரிவு செய்தால் என்ன நேரும் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

அப்பா பாவித்த ராலி சைக்கிளைத் திருத்தத் தொடங்கியபோது, கீழ்நோக்கி வளைந்த ரேஸ் ஹாண்டில் ஒன்றைப் பழைய உதிரிப்பாகக் கடையில் பார்த்து, விலை பேசி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய ஹாண்டிலைக் கழற்ற முனைந்தபோதுதான் அதுவும் ஸ்டெம்மும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே துண்டு என்பது தெரிந்தது. அதைக் கழற்றினால், வயருக்குப் பதிலாகப் பிறேக்கை இழுக்கும் இரும்புக் கம்பிகளும் அதனோடு வந்துவிடும் என்பது அடுத்துத் தெரிந்தது. வயர்ப் பிறேக் போட்டுவிடலாம் என்று எண்ணி றிம்மைப் பார்த்தபோது, அந்த றிம்மில் வயர்ப் பிறேக்கின் கட்டைகள் பிடிப்பதற்குத் தட்டையான பக்கச் சுவரே இருக்கவில்லை. வாங்கிய ஹாண்டில் பல மாதங்கள் கொட்டிலின் வளையில் தொங்கியது. அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றைத்தான், புதிதாகத் தொடங்குபவருக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடல். நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டு, சைக்கிள் ஓட்டுவதுபோலக் கைகளை இயல்பாக முன்னே நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். இரு பென்சில்களும் ஒரே நேர்கோட்டில் கிடக்கமாட்டா. நடுவில் சற்று உயர்ந்தும், வெளிப்புறம் கீழேயும் பின்னேயும் சரிந்தும், ஓலைக் கொட்டிலின் இரு கூரைச் சரிவுகள் போல நிற்கும். அந்தச் சரிவுதான் உங்கள் மணிக்கட்டு விரும்பும் கோணம். மவுண்டன் சைக்கிள்களில் வரும் நேர் ஹாண்டில் பொதுவாக 5 முதல் 9 பாகை வரைதான் பின்னோக்கி வளைந்திருக்கும். எனவே அதைப் பிடிப்பவர் மணிக்கட்டைச் சிறிது முறுக்கியே பிடிக்க வேண்டியிருக்கிறது. ரியூசனுக்குப் போய்வரும் தூரத்துக்கு இது பொருட்டாகாது. நாள்தோறும் சாவகச்சேரியிலிருந்து யாழ் நகரத்துக்கு வந்து போகிறவருக்கு அது பொருட்டாகும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் ஓடும் நரம்பு நெடுநேரம் அழுத்தப்பட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்பு வந்தால் தடித்த கிறிப்பை வாங்குவதற்கு முன், கை பிடிக்கும் கோணத்தையும், கையில் விழும் உடற்பாரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

உடற்பாரம் என்பது உயரத்தோடு தொடர்புடையது. ஹாண்டில் சீற்றைவிடத் தாழ்ந்திருந்தால் உடல் முன்னே சாய்ந்து, பாரத்தின் ஒரு பங்கு கைகளுக்கு வரும். உயர்ந்திருந்தால் உடல் நிமிர்ந்து, பாரம் முழுவதும் இடுப்புக்கும் சீற்றுக்கும் போகும். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் சுருள் வில் வைத்த அகன்ற தோல் சீற் இருந்ததற்கு இதுவே காரணம். ஆகவே நிமிர்ந்து ஓட்டும் ஹாண்டிலைப் போட்டுவிட்டு ஒடுங்கிய ரேஸ் சீற்றை வைத்திருப்பவர் சில நாள்களிலேயே நோவை உணர்வார். ஹாண்டிலை மாற்றுபவர் சீற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனி வடிவங்கள். நமக்கு மிகவும் பழக்கமானது, ஸ்டெம்மிலிருந்து சற்று எழுந்து, இரு பக்கமும் விரிந்து, பின்பு ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் ஹாண்டில். ஆங்கிலேயச் சைக்கிள்களோடு வந்த இந்த வடிவத்துக்கு நோர்த் ரோட் என்று பெயர். இதில் பிடிகள் சைக்கிளின் நீளத்துக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும்; உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்; மணிக்கட்டு நேராக நிற்கும். முழங்கை உடலோடு ஒட்டியிருப்பதால் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வேலி கையைக் கீறாது. முன்னால் கூடை வைக்கவும், பாரில் பிள்ளையை இருத்தவும் இடம் கிடைக்கும். அன்றாடப் பாவனைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டென்று நான் கருதவில்லை. பழைய பாணி என்பதற்காக இதைக் கழற்றி எறிபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

ஆயினும் இந்த ஹாண்டிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதைச் சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தில் ஓட்டியவர்கள் அறிவார்கள். யாழ் நகரிலிருந்து வேலணைப் பக்கம் போகும்போது தென்மேற்கிலிருந்து வரும் காற்று நேரே நெஞ்சில் அடிக்கிறது. இரு பக்கமும் கடல். மறைப்பு எதுவும் இல்லை. காற்றின் எதிர்ப்பு, உடலை வந்து மோதும் காற்றின் வேகத்தினது வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத வேளையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர், மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க முயன்றால், அவரை மோதும் காற்றின் வேகம் 35 ஆகிறது. எதிர்ப்பு விசை ஐந்து மடங்கையும் தாண்டுகிறது. அந்த எதிர்ப்பின் பெரும்பகுதியை வாங்குவது ஓட்டுபவரின் உடலே. சைக்கிளின் சட்டத்துக்கு அதில் சிறு பங்குதான். உடலைத் தாழ்த்த முடிந்தால் மிதிப்பது இலகுவாகும். ரேஸ் ஹாண்டில் தோன்றியதன் பயன் இதுவே.

ரேஸ் ஹாண்டிலில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு: நடுவிலுள்ள நேர்ப்பகுதி, பிறேக் பிடிகளின் றப்பர் உறை, கீழே வளைந்து பின்னோக்கி வரும் பகுதி. நெடுந்தூரம் போகிறவர் இவற்றுக்கிடையே கையை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால் ஒரே இடத்தில் அழுத்தம் சேராது. அகலம் பொதுவாக 38 முதல் 46 சென்ரிமீற்றர் வரை இருக்கும். உங்கள் இரு தோள் எலும்பு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, ஏறக்குறைய அதே அகலத்தை எடுக்கலாம். ஆனால் முன்கூடை, சந்தைப் பை, பாரில் பிள்ளை என்று போகும் வாழ்க்கைக்கு இது இசையாது. பருத்தித்துறை வரை காலையில் ஓடிவந்து உடற்பயிற்சி செய்பவருக்கும், தீவுப்பகுதிக்கு நீண்ட சவாரி போகிறவருக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

நேர் ஹாண்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் உள்ளது. பிறேக், கியர்ப் பிடிகள் எல்லாம் அதில் இலகுவாக ஏறும். அண்மைக்கால மவுண்டன் ஹாண்டில்கள் 74 முதல் 80 சென்ரிமீற்றர் அகலத்தில் வருகின்றன. கரடுமுரடான பாதையில் அந்த அகலம் நல்ல பிடிமானம் தரும். நம் படலைகளிலும் ஒழுங்கைகளிலும் அது தொல்லை. இரு முனைகளையும் சம அளவில் அறுத்து 60 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவரலாம். ஒரேயடியாக அறுக்காமல் பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றராகக் குறைத்து, ஓட்டிப் பார்த்துத் தொடருங்கள். மீசைபோல வளைந்தது, மாட்டுக்கொம்புபோல முன்னே நீண்டது, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோலச் சுற்றிவருவது என வேறு வடிவங்களும் உண்டு. முதல் தடவையாகத் திருத்துபவர் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வடிவம் மாறும்போது கை இருக்கும் இடமும் மாறுகிறது என்பதைப் பலர் கணக்கிலெடுப்பதில்லை. பழைய ஹாண்டிலைக் கழற்றுவதற்கு முன்பே, சீற்றின் மூக்கு நுனியிலிருந்து உங்கள் கை பிடிக்கும் இடம் வரையுள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். நேர் ஹாண்டிலில் கை ஏறக்குறைய ஸ்டெம் பிடிக்கும் கோட்டிலேயே இருக்கும். நோர்த் ரோட் வடிவத்தில் அது 15 சென்ரிமீற்றர் வரை பின்னே வந்துவிடலாம். சட்டம் குட்டையாக இருந்தால் திரும்பும்போது ஹாண்டிலின் முனை முழங்காலில் இடிக்கும். ரேஸ் ஹாண்டிலில் றப்பர் உறையைப் பிடித்தால் கை 10 சென்ரிமீற்றருக்கும் மேல் முன்னே போய்விடும். மவுண்டன் சைக்கிளின் சட்டம் இயல்பாகவே நீளமானது என்பதால், அதில் ரேஸ் ஹாண்டிலைப் போட்டவர் எட்டிப் பிடித்து முதுகு நோவோடு ஓட்ட நேர்கிறது. ஸ்டெம்மின் நீளத்தைக் குறைத்து இதைச் சற்றுச் சமாளிக்கலாம். ஆனால் 10 சென்ரிமீற்றர் ஸ்டெம்மை 5 ஆக்கினாலும் பாதித் தூரமே மீளும்.

அடுத்து வருவது அளவுப் பொருத்தம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கவனிக்க வேண்டிய விட்டங்கள் மூன்று. முதலாவது, ஸ்டெம் கவ்வும் இடத்தில் ஹாண்டிலின் விட்டம். பழைய ஆங்கிலேயச் சைக்கிள்கள் பலவற்றில் இது 23.8 மில்லிமீற்றர், பிற்காலத்து நேர் ஹாண்டில்களிலும் சாதாரணச் சைக்கிள்களிலும் 25.4, இத்தாலிய வழிவந்த ரேஸ் ஹாண்டில்களில் 26.0, இன்றைய தடித்த ஹாண்டில்களில் 31.8. இரண்டாவது, கை பிடிக்கும் பகுதியின் விட்டம். நேர் ஹாண்டிலிலும் நோர்த் ரோட் ஹாண்டிலிலும் இது 22.2, ரேஸ் ஹாண்டிலில் 23.8. இந்த ஒன்றரை மில்லிமீற்றர் வேறுபாட்டால்தான் ஒரு வகையின் பிறேக் பிடி மற்ற வகையில் ஏறுவதில்லை. மூன்றாவது, ஸ்டெம்மின் தண்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் குழாய்க்குள் இறங்கும் இடத்தின் விட்டம். ஓர் அங்குலப் போர்க் குழாய்களில் இது பெரும்பாலும் 22.2, சில மலிவான சைக்கிள்களிலும் சிறுவர் சைக்கிள்களிலும் 21.1.

வேணியர் இடுக்கிமானி இருந்தால் அளப்பது எளிது. இல்லாதவர் மெல்லிய கடதாசிக் கீலம் ஒன்றை எடுத்து, ஹாண்டிலின் நடுவில் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஊசியால் இரண்டு தாள்களையும் துளைத்து, பிறகு விரித்து, இரு துளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கலாம். அது சுற்றளவு, 3.14ஆல் வகுத்தால் விட்டம். 23.8க்கு ஏறக்குறைய 75 மில்லிமீற்றர் வரும், 25.4க்கு 80, 26.0க்கு 82, 31.8க்கு 100. எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடதாசியில் தவறவிடுவது எளிது என்பதால், இந்த இடத்தில் ஐயம் இருந்தால் ஸ்டெம்மையே கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். 25.4 ஹாண்டிலை 26.0 ஸ்டெம்மில் போட்டு இறுக்கினால் முதலில் பிடித்ததுபோல இருக்கும். ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் விழும்போது அது சுழன்று கையோடு கீழே போகும். இடைவெளியை நிரப்பச் சோடாத் தகரத்தை வெட்டி வைக்கும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அதற்கெனச் செய்யப்பட்ட அலுமினிய வளையங்கள் உண்டு, 25.4 ஹாண்டிலை 31.8 ஸ்டெம்மில் பொருத்துவதற்கு அவை நம்பகமானவை.

பழைய ஸ்டெம்களில் இன்னொரு தடையும் உண்டு. ஒரே போல்ட்டால் இறுகும் கவ்வியின் வழியே ரேஸ் ஹாண்டிலின் வளைவுகளைத் திருகித் திருகி நுழைக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் நுழையவே நுழையாது. முன்பக்கத் தகடு நான்கு போல்ட்டுகளோடு தனியாகக் கழன்றுவரும் ஸ்டெம்மில் இந்தச் சிக்கல் இல்லை.

பிறேக்கைப் பற்றி என் அனுபவத்தில் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். ராலி, ஹம்பர், ரட்ஜ் போன்ற பழைய சைக்கிள்களில் பிறேக் பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, குதிரை அங்கவடி போன்ற ஒரு வளையத்தை மேலே இழுக்கும். அதிலுள்ள கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தை, அதாவது சக்கரக் கம்பிகள் புறப்படும் பக்கத்தை, அழுத்தும். அந்த றிம்மின் வெட்டுமுகம் உருண்டையானது. வயர்ப் பிறேக்கின் கட்டைகளோ பக்கச் சுவரைக் கவ்வுபவை. ஆகவே கம்பிப் பிறேக் சைக்கிளுக்கு வேறு ஹாண்டில் வேண்டுமென்றால் சக்கரத்தின் றிம்மையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கேயும் கணக்கு உண்டு. பழைய 28 அங்குலச் சக்கரத்தின் ரயர் அமரும் விட்டம் 635 மில்லிமீற்றர். இன்று எளிதாகக் கிடைக்கும் 700 வகை றிம்மில் அது 622. ஆரையில் 6.5 மில்லிமீற்றர் குறைவதால், அந்த அளவுக்குக் கீழே எட்டக்கூடிய நீண்ட கையுள்ள பிறேக் வேண்டும். அதைப் பூட்டப் போர்க்கின் உச்சியில் துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்தச் சைக்கிள்களின் முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது வழக்கம்; 40 துளையுள்ள றிம் தேடுவது சிரமம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபின் நான் வந்த முடிவு, கம்பிப் பிறேக் நல்ல நிலையில் உள்ள சைக்கிளில் ஹாண்டிலை மாற்றவே கூடாது என்பது. துருப்பிடித்திருந்தால் துரு நீக்கி மீண்டும் குரோம் பூசுங்கள். வளைந்திருந்தால் அதே வகைக் கம்பிப் பிறேக் ஹாண்டிலை இன்னொரு பழைய சைக்கிளிலிருந்து எடுங்கள். அப்பாவின் ராலி இன்று பழைய ஹாண்டிலோடுதான் ஓடுகிறது. கொட்டிலில் தொங்கிய ரேஸ் ஹாண்டில், வயர்ப் பிறேக் உள்ள வேறொரு சைக்கிளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வயர்ப் பிறேக் உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மவுண்டன் சைக்கிள்களில் வரும் நீண்ட கைகளுள்ள வீ பிறேக்குக்கு, ரேஸ் சைக்கிள்களில் வரும் கலிப்பர் பிறேக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வயர் இழுபட வேண்டும். ரேஸ் ஹாண்டிலின் சாதாரணப் பிடிகள் குறைவாகவே இழுப்பவை. இரண்டையும் சேர்த்தால் பிடி பஞ்சுபோல அமுங்கி, சக்கரம் நிற்பதற்கு முன் ஹாண்டிலைத் தொட்டுவிடும். மாறாக, வீ பிறேக்கின் பிடியைக் கலிப்பருடன் இணைத்தால் பிடி கல்லுப்போல இருக்கும், பிறேக் போதிய அளவு பிடிக்காது. எந்தப் பிறேக்கோ அதற்குரிய பிடி என்பதில் சமரசம் வேண்டாம்.

பழைய ஹாண்டில் வாங்குபவர் பொருளையும் பார்க்க வேண்டும். உருக்கு பாரமானது, குருநகர், பாசையூர் போன்ற கரையோரங்களின் உப்புக்காற்றில் குரோமுக்கு அடியில் துரு ஓடும், ஆனால் பெரும்பாலும் முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கை தரும். அலுமினியம் இலகுவானது, துருப்பிடிக்காது, ஆனால் அது திடீரென முறியக்கூடியது. ஸ்டெம் கவ்விய இடத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, குறுக்கே ஓடும் கீறல் ஏதும் உண்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வளைந்த அலுமினிய ஹாண்டிலை நிமிர்த்தக் கூடாது. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவும் கூடாது. அந்தச் சூட்டில் உலோகத்தின் வலிமையே போய்விடும்.

இனிப் பூட்டும் வேலை. பழைய ஸ்டெம்மைக் கழற்ற, மேலேயுள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால், உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபடும். துருவால் பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போர்க் கெடும். புதியதை இறக்கும்போது தண்டுக்குக் கிரீஸ் பூசுங்கள். அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். தண்டில் பொறிக்கப்பட்ட எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாத பழைய ஸ்டெம்மானால் குறைந்தது 65 மில்லிமீற்றர் உள்ளே இருக்கட்டும். நான்கு போல்ட்டுத் தகடானால் மூலைவிட்டமாக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக வரச் செய்யுங்கள். வயரின் உறையை வெட்டுவதற்கு முன் ஹாண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் உறை இழுபடக் கூடாது.

எல்லாம் பூட்டியபின், சைக்கிளுக்கு முன்னால் நின்று முன் சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்ப முயலுங்கள். பின்பு பிடிகளின்மேல் உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். இரண்டில் எதிலாவது அசைவு இருந்தால் வீதியில் இறங்க வேண்டாம். அசைவு இல்லையென்றால் ஒரு கிழமை ஓட்டி, உயரத்தையும் கோணத்தையும் உடம்புக்கு ஏற்ப மாற்றிப் பார்த்து, போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிய பிறகே கிறிப்பை ஒட்டுங்கள். ரேஸ் ஹாண்டிலானால் நாடாவைக் கீழ் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். அப்போது கை அழுத்தத்தில் விளிம்பு சுருளாது. இரு முனைகளிலும் அடைப்பான் வைக்காமல் ஒருநாளும் ஓட்ட வேண்டாம். விழும்போது திறந்த குழாயின் வாய் வயிற்றில் பாயக்கூடும். அடைப்பான் கிடைக்காவிட்டால் போத்தல் தக்கையை அளவாகச் சீவி இறுக்கி அடித்தாலும் போதும்.